இன்னும் குரோயிங்

இங்கிலீஷில் எனக்கென்று முதலில் கிடைத்த சொல் ஒரு பெயரடை. குரோயிங். அகராதியைப் புரட்டி 'வளர்கின்ற' என்று ஒரே சொல்லில் அதற்குக் கணக்கு முடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அகராதி எழுதினவர் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்துப் பக்கம் ஒரு நாளாவது வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்திருந்தால் அந்தச் சொல்லுக்கு முழுசாக ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, மூச்சு வாங்க ஏறிப்போகிற உயரத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. நாட்டைக் கொடுத்தவன் தோட்டத்தைக் கொடுக்கவில்லை, எங்கள் தொரை பங்களாவிலேயேதான் இருந்தார். அந்தத் தோட்டத்தில் ஒரு பிள்ளை வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க வயதை யாரும் கேட்பதில்லை. வயது பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் ஒன்று, அம்மாமார் வாயில் ஒன்று, தேர் வந்த வருஷத்தை வைத்துச் சொன்னால் இன்னொன்று என்று மூன்று விதமாக இருக்கும். அந்த வம்பே வேண்டாமென்று எங்கள் ஆட்கள் வேறு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆறாம் நம்பர் மலையில், கோயிலுக்குப் போகிற பாதை திரும்பும் இடத்தில் ஒரு தேயிலைச் செடி நின்றது. அதற்குப் பெயர் அளவுச் செடி.

பிள்ளையைக் கொண்டுபோய் அந்தச் செடிக்குப் பின்னால் நிறுத்துவார்கள். வயிறு செடியில் முட்டாமல், குதிகால் தூக்காமல், கையை நீட்டி நடுச்செடியில் கொழுந்து கிள்ள வேண்டும். எட்டினால் வளர்ந்த ஆள். அடுத்த வெள்ளிக்கிழமை நெற்றியில் விபூதி பூசி, தலையில் கயிறு போட்டு, முதுகில் கூடையைத் தொங்கவிட்டுப் பேர் பதிந்துவிடுவார்கள். எட்டாவிட்டால் சின்னப் பிள்ளை, போய் விளையாடு. அவ்வளவுதான் சட்டம்.

இதில் இருக்கிற கூத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. செடியும் வளருகிற சாதிதானே. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆண்கள் இறங்கிக் கவ்வாத்து வெட்டினால் மலை முழுவதும் முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நிற்கும். பிறகு மெல்லத் துளிர்த்து, வருஷா வருஷம் உயர்ந்து, அடுத்த கவ்வாத்துக்கு முந்தி பெண்களின் இடுப்புக்கு மேல் வந்துவிடும். கவ்வாத்து வருஷத்தில் அளக்கப்பட்டால் மூக்கொழுகுகிற வாண்டுகூட வளர்ந்த ஆள். கவ்வாத்துக்கு முந்தின வருஷமென்றால் கலியாண வயசுக்காரியும் கொஞ்சம் எக்க வேண்டும். எந்த வருஷத்தில் பிறந்தோம் என்பதைவிட எந்த வருஷத்தில் செடியை வெட்டினார்கள் என்பதுதான் எங்கள் சாதகம்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடிக்கப்போகிறபோது செடி பாதி வளர்ந்திருந்தது. நான் பாதிகூட வளரவில்லை. லயத்தில் என்னைக் கூப்பிடுகிற பெயர் சுண்டைக்காய்.

அஞ்சாம் வகுப்புக்கு மேல் எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு கிடையாது. மேலே படிக்க வேண்டுமானால் காலை ரயிலைப் பிடித்து ஹட்டனுக்குப் போக வேண்டும். எனக்குப் போக ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, சாப்பிடப் பிடிக்காத ஆசை. அம்மாவுக்கோ என் முதுகுக்கு ஏற்ற கூடை ஒன்றை ஏற்கெனவே முடையச் சொல்லிவிட்ட அவசரம். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு கை சம்பாதித்து ஐந்து வாய் சாப்பிடுகிற வீடு, என் கையும் சேர்ந்தால் கொஞ்சம் மூச்சு விடலாமென்று நினைத்தாள். படித்துப் பெரிய கவர்னர் வீட்டுக்கா போகப்போகிறாள் என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். என்னைப் பார்த்துக் கேட்டால் நான் பதில் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா எதுவும் சொல்ல மாட்டார். அவர் கவ்வாத்துக்காரர். அவர் வெட்டிய செடியில் மழைத்தண்ணி வழுக்கிக்கொண்டு ஓடும், ஒரு கிளை பிளந்திருக்காது என்று வேலை வாங்குகிற கங்காணிமார் சொல்வார்கள். வாயால் வெட்டத்தான் அவருக்கு வராது.

என்னை அளந்த அன்று கண்டக்கையா வந்திருந்தார். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிறவர். உள்ளே வெள்ளை மனசு, வெளியே காக்கிக் காற்சட்டை, நடுவில் நல்ல தொந்தி. நான் செடிக்குப் பின்னால் நின்றேன். முன்னால் சாய்ந்து கையை நீட்டினேன். என் தாடை செடிமேல் உட்கார்ந்துவிட்டது. தேயிலைமேல் பூசணிக்காய் வைத்த மாதிரி என் தலை மட்டும் தெரிய, சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எக்கடி, இன்னும் கொஞ்சம் எக்கடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். குதிகால் தூக்கக்கூடாது என்கிற சட்டத்தை நான் அன்றைக்கு மதித்த மாதிரி எந்தச் சட்டத்தையும் மதித்ததில்லை.

அப்போது எங்கள் வாத்தியார் குடையை ஊன்றிக்கொண்டு அந்த வழியாக வந்தார். தற்செயலாக வந்த மாதிரிதான் நடந்தார், ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பாதையில் அவருக்கு ஒரு சோலியும் கிடையாது. ஒல்லிப்பிச்சான், இளவட்டம், மீசை அப்போதுதான் யோசித்து யோசித்து முளைத்துக்கொண்டிருந்தது. கண்டக்கையாவிடம் தமிழில் சொன்னால் நடக்காது என்று அவருக்குத் தெரியும். தமிழில் யார் எதைச் சொன்னாலும் கண்டக்கையா தட்டிவிடுவார், இங்கிலீஷில் சொன்னால் புரியாவிட்டாலும் தலையாட்டியே தீருவார். வாத்தியார் இங்கிலீஷில் இது ஒரு குரோயிங் பிள்ளை சார் என்றார். கண்டக்கையா மூன்று தரம் தலையாட்டினார். எஸ், எஸ், குரோயிங் என்று பெண்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குப் பேர் இல்லை என்று அறிவித்தார். அன்றைக்கே தொரையிடமும் அந்தச் சொல்லைப் போட்டு ஒருதரம் பேசிவிட்டதாகப் பிற்பாடு கேள்வி.

சின்னப் பிள்ளை, வளர்ந்த ஆள் என்று இரண்டே வகை மனிதர் இருந்த தோட்டத்தில் அன்றைக்கு மூன்றாவதாக ஒரு வகை உண்டாயிற்று. அதில் நான் ஒருத்திதான்.

வாத்தியார் அந்தச் சூட்டோடு பள்ளிக்கூடத்தில் அதையே பாடமாக நடத்தினார். பெயருக்கு முன்னால் போட வேண்டும், முடிந்துபோன காரியத்துக்குப் போடக்கூடாது, இப்போது நடந்துகொண்டிருக்கிற வளர்ச்சிக்குத்தான் போட வேண்டும் என்றார். குரோயிங் செடி, குரோயிங் ஊர், குரோயிங் பசி. ஆளுக்கொன்று சொல்லச் சொன்னார். ஒருத்தன் குரோயிங் கல் என்றான், கல் வளராது என்று உட்காரவைத்தார். எங்கள் வகுப்பு மந்தியொருத்தி எழுந்து கண்டக்கையாவின் குரோயிங் தொந்தி என்றாள். வாக்கியம் சரியாக இருந்தது, அதனால் அவளை அடிக்கவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் வாத்தியார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவருடைய மீசையைச் சொல்லலாமென்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. முடைந்த கூடை அட்டாலிப் பரணில் கவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், குரோயிங் மகாராணி எழுந்திருச்சாச்சா என்பாள். குடத்தில் தண்ணி அரைவாசிதான் இருந்தால், குடம் இன்னும் குரோயிங்கு, போய் நிரப்பிட்டு வா. உலை கொதித்து அரிசி வேகாமல் இருந்தால், சோறு இன்னும் குரோயிங்கு. லயத்துப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டி முடிக்காத கோழிக்கூடு குரோயிங்கு. மாதம் ஏறிய வயிறு குரோயிங்கு. விடாமல் தூறுகிற மழையும் குரோயிங்கு. வாத்தியாரின் இலக்கணப்படி இதில் பாதி தப்பு. ஆனால் முடிந்துபோன காரியம் எதற்கும் அவர்கள் அந்தச் சொல்லைப் போட்டு நான் கேட்டதில்லை. சாரத்தைப் பிடித்துக்கொண்டு சக்கையை விட்டுவிட்டார்கள்.

பேர் பதியாத பிள்ளை வீட்டில் இருந்து என்ன செய்ய என்று அம்மா முனகிக்கொண்டே விட்டாள், நான் ஹட்டனுக்குப் போய்வரத் தொடங்கினேன். விடியக்காலை குறுக்குப்பாதையில் இறங்கி றொசல்லையில் ரயில் ஏறுவேன். கால் முழுக்க அட்டை கடி. பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சட்டையில் ரத்தப்பொட்டோடு போய் நிற்கிறவள் நான் ஒருத்திதான் என்று முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு வெட்கப்பட நேரமில்லை.

அம்மா மாறினது ஒரு மருந்துப் போத்தலால். பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பெண் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வாங்கிவந்த போத்தலைக் கொண்டுவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, சாப்பிட்டா சாப்பிடாமலா என்று கேட்டாள். நான் வாசித்துச் சொன்னேன். பூசுகிற மருந்து. அவள் இரண்டு நாளாகக் குடித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, கேட்டுவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்ததோடு சரி. அன்றிலிருந்து லயத்தில் யார் மருந்து வாங்கினாலும் போத்தல் முதலில் எங்கள் இஸ்தோப்புக்கு வரும். அம்மா எனக்குக் கங்காணி ஆகிவிட்டாள். வாசலில் உட்கார்ந்துகொண்டு, புள்ளை படிக்குது, செத்த நேரம் இரு என்று ஆட்களைக் காக்கவைப்பாள். நான் சும்மா பேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான் சொல்வாள். கூடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒருநாள் பார்த்தால் அதில் வெங்காயம் கிடந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று. இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வளர்ந்துவிட்டேன். என்னைக் கேட்டுச் செய்ததில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் பாவாடை கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது, அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தால் அம்மாவின் தலைவகிடு எனக்குத் தெரிந்தது. அம்மா குள்ளம்தான், ஆனாலும் அம்மா அம்மாதானே, கீழே குனிந்து பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. அவள் கவனித்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அப்பா கவனிக்கவே இல்லை. நான் விடியுமுன் போய் விளக்கு வைத்தபின் வருகிறவள், வந்ததும் புத்தகத்தோடு குந்திவிடுகிறவள். அவருக்கு நான் உட்கார்ந்த உயரம்தான் தெரியும்.

அந்த வருஷம் ஆறாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்து வந்தது. கவ்வாத்து முடிந்த கையோடு தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் அளந்து பேர் பதிவது வழக்கம். கண்டக்கையா இந்தத் தடவை, காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டில் சத்தமாகவே சொல்லிவிட்டார், குரோயிங், போயிங் என்று எவரும் சாக்குச் சொல்லக்கூடாது என்று. முழங்கால் உயரச் செடிக்குப் பின்னால் என்னை நிறுத்தினால் என்ன ஆகும்? ரயில் இல்லை, ஹட்டன் இல்லை, புத்தகம் இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவும் இரண்டு நாள் என்னைத் திட்டவில்லை, அது அதைவிடப் பயமாக இருந்தது.

அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆறாம் நம்பரின் கோயில் பக்கத்துச் செடிவரிசைகள், நெரை என்போம், அவருக்கு விழுந்தன. ஒழுங்காக, வரிசையாக, அவருடைய வழக்கமான சுத்தத்தோடு வெட்டிக்கொண்டே போனவர் அளவுச் செடியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார். அந்தச் செடி உயரமாக இருக்கிறவரைக்கும் மகள் எட்டமாட்டாள் என்பது அவர் போட்ட கணக்கு. கோயிலுக்கு ஒன்று விட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். கவ்வாத்துக்காரனின் மூளை. மலை முழுவதையும் மொட்டை அடித்துவிட்டு நடுவில் ஒரு குடுமி வைத்தால் அது ஊருக்கே தெரியும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை தொரை மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதையாகத்தான் பெரட்டுக்களத்துக்கு வந்தார். வந்து இறங்கியதும் முதல் கேள்வி, அது யார் நெரை என்பதுதான். அப்பா முன்னால் வந்து தலைத்துண்டை எடுத்து நின்றார். ஏன் வெட்டவில்லை என்று கேட்டார் தொரை. கோயிலைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை, பொய்யைச் சொல்லவும் கொஞ்சம் பழக்கம் வேண்டுமே. கண்டக்கையாவுக்குப் புரிந்துவிட்டது. அளவுச் செடியின் கதையையும், இந்த ஆளின் மகள் ரயிலேறி ஹட்டனுக்குப் போகிற கதையையும், அவளை வேலைக்கு விடாமல் இருக்கத்தான் இந்தத் திருவேலை என்பதையும் விலாவாரியாக எடுத்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்து நான் புத்தகப்பையோடு குறுக்குப்பாதைக்குப் போக, களத்தின் ஓரமாக வந்துகொண்டிருந்தேன். இதோ வருகிறாள் என்றார் கண்டக்கையா. கூப்பிட்டார்கள். போய் அம்மா பக்கத்தில் நின்றேன். நின்றதும் களம் முழுவதும் ஒரு சலசலப்பு, பிறகு சிரிப்பு. பின்னே? அம்மாவின் கொண்டை என் காதுக்கு இருக்கிறது. செடியை விட்டுவைத்திருந்தாலும் விடாவிட்டாலும் எனக்கு அது ஒரு பொருட்டில்லை என்பது குருடனுக்கும் தெரியும். அப்பா அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. அடித்துப்போட்ட மாதிரி நின்றார்.

தொரைக்குத் தமிழ் தெரியும், தோட்டத் தமிழ். அப்பாவை விட்டுவிட்டு அம்மாவைக் கேட்டார், இது சின்னப் பிள்ளையா, வளர்ந்த ஆளா என்று. கண்டக்கையா பென்சிலை எடுத்துக் காதிலிருந்து கைக்கு மாற்றினார். அம்மா வளர்ந்த ஆள் என்று சொன்னால் முடிந்தது. சின்னப் பிள்ளை என்று சொன்னால் களமே விழுந்து விழுந்து சிரிக்கும், அப்புறமும் முடிந்ததுதான்.

அம்மா தலையில் கிடந்த கயிற்றைச் சரிசெய்துகொண்டு, தொரையைப் பார்த்து, "குரோயிங்குங்க தொரை" என்றாள்.

சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் சோற்றுக்கும் குடத்துக்கும் போட்ட சொல்லை அவள் தொரைக்கு முன்னால், என் பெயருக்கு நேராக, நியாயமாகப் போட்டுவிட்டாள். தொரை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், எனக்கு அண்ணாந்து நிற்பதா குனிந்து நிற்பதா என்று தெரியவில்லை. இதற்கு மேலும் எவ்வளவு வளரவேண்டும் என்று கேட்டார்.

"அது இன்னும் தெரியலைங்க" என்றாள் அம்மா. "தெரிஞ்சிருச்சுன்னா வளந்துட்டா புள்ளைன்னு நானே கூட்டிட்டு வந்துருவேன்."

தொரை அப்பாவிடம் திரும்பி, அந்தச் செடியை இப்போதே போய் வெட்டு, அப்படியே இன்றைக்கு உன் பேரும் வெட்டு என்றார். என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்டக்கையா பென்சிலைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வட்டவளை ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் கூவியது. என்ன வேடிக்கை பார்க்கிறே, ஓடு என்று அம்மா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். ஓடினேன். அட்டை, சேறு, கல் ஒன்றும் தெரியவில்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று ஸ்டேஷன் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். யாரும் கூப்பிடவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

சாயங்காலம் திரும்பி வருகையில் அளவுச் செடி மற்றச் செடிகளோடு செடியாக முழங்கால் உயரத்தில் நின்றது. எது அது என்றுகூட எனக்கு உடனே தெரியவில்லை. காம்பிராவுக்குள் அப்பா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் பேரும் அதோடு கூலியும் போன வருத்தம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே நுழைந்த என்னை உட்காரவிடாமல் கையைக் காட்டி நிறுத்தினார். தானும் எழுந்து எனக்கு எதிரே வந்து நின்றார். என் கண்ணும் அவர் கண்ணும் நேருக்கு நேராக இருந்தன.

"இவ எப்பப் புள்ள இம்புட்டு வளந்தா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "நீங்க செடியப் பாத்துக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்பத்தான்" என்றாள்.

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துண்டால் துடைத்தார், புகை என்றார். பிறகு பேச்சை மாற்றுவதற்காக, சோறு ஆயிற்றா என்று கேட்டார். அம்மா மூடியைத் தூக்கி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் குரோயிங்கு என்றாள்.